‘தாய்மை’ என்ற சொல்லை ஒத்திவைத்து: மகப்பேறு பற்றிய பெண் கலைஞர்களின் படைப்புகளைப் பார்ப்பது எப்படி?

பிரசவத்தையோ கருச்சிதைவையோ பொருளாகக் கொண்ட ஓர் ஓவியத்தின் முன் நிற்கும்போது நம் நாவில் முதலில் வந்து விழும் சொல் ‘தாய்மை’. அந்தச் சொல் வந்ததும் கண் ஓய்ந்துவிடுகிறது. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டோம் என்ற நிறைவும் உடன் வந்துவிடுகிறது. கடந்த அரை நூற்றாண்டில் பெண் கலைஞர்கள் தங்கள் உடலின் இனப்பெருக்க அனுபவத்தை வைத்துச் செய்த படைப்புகளை உள்ளபடியே பார்க்க விரும்புபவருக்கு நான் சொல்லும் முதல் வேலை, அந்தச் சொல்லை அரை மணி நேரத்துக்காவது ஒத்திவைப்பதுதான். அதை மறுக்க வேண்டியதில்லை. பார்த்து முடித்த பிறகு, தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நம் மொழியில் இது எளிதன்று. ‘பெறுதல்’ என்ற ஒரே வினை பரிசு பெறுவதற்கும் வழங்குகிறது, பிள்ளை பெறுவதற்கும் வழங்குகிறது. ‘பேறு’ என்றால் பிரசவம். பாக்கியம் என்றும் பொருள். ‘பிள்ளைப்பேறு’ என்று வாய்விட்டுச் சொல்லும்போதே, அது வாய்த்தவள் பேறு பெற்றவள் என்றும் வாய்க்காதவள் எதையோ இழந்தவள் என்றும் மொழி நமக்காகத் தீர்ப்பு எழுதி வைத்துவிடுகிறது. இங்கே நான் குறிப்பிடப்போகும் கலைஞர்கள் வெவ்வேறு நாட்டவர்; ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தத்தம் ஊரில் இப்படிப்பட்ட ஒரு தீர்ப்பைக் கலைத்துப் பார்க்க முயன்றவர்கள்.

எந்த நிகழ்வு, எந்த நேரம்

குறிப்பேட்டில் முதலில் இரண்டு விவரங்களை எழுதுங்கள்: படைப்பில் நடப்பது எது, அது எந்த நேரத்தில் நடக்கிறது. கருத்தரித்தல், தரிக்காமை, கரு தானே கலைதல், வேண்டுமென்றே கலைத்தல், சுமத்தல், ஈனுதல், புண் ஆறுதல், பால் கொடுத்தல், வளர்த்தல், பிள்ளையே வேண்டாம் என்று முடிவெடுத்தல் என ஒன்றோடொன்று ஒட்டாத பல நிகழ்வுகள் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. இவற்றில் எது உங்கள் எதிரில் இருக்கிறது என்று தெரியாமல் எழுதப்படும் எந்த விளக்கமும் வாழ்த்து அட்டையின் வாசகமாகத்தான் முடியும்.

இதற்குப் பழகுவதற்கு நெதர்லாந்தின் ஒளிப்படக் கலைஞர் ரினெக்க டைக்ஸ்ட்ரா 1994-இல் எடுத்த மூன்று படங்களைப் போலப் பொருத்தமானவை வேறில்லை. அவற்றை லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் இணையத்தளத்திலேயே காணலாம். மூன்று பெண்கள், தனித்தனியே, வெறுஞ்சுவரின் முன் ஆடையின்றி நின்று, பச்சைக் குழந்தையை மார்போடு அணைத்திருக்கிறார்கள். ஒருவர் பிரசவித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. இரத்தத்தை உறிஞ்சும் பட்டையை உள்ளாடை தாங்கியிருக்கிறது. இன்னொருவருக்கு ஒரு நாள். கால் வழியே மெல்லிய இரத்தக் கோடு இறங்குகிறது. மூன்றாமவருக்கு ஒரு வாரம். அடிவயிற்றில் அறுவைசிகிச்சைத் தழும்பு. ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு வாரம் என்ற இந்த மூன்று கால அளவுகளையும் எழுதிவைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தால், முகங்கள் வேறாகத் தெரியும். அதே ஆண்டில் டைக்ஸ்ட்ரா போர்ச்சுகலில் காளைச் சண்டைக் களத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளைஞர்களையும், சட்டை கிழிந்து முகத்தில் இரத்தம் படிந்த நிலையிலேயே படமெடுத்தார். இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உடல் தன் எல்லை வரை போய்த் திரும்பிவந்த பிறகு முகத்தில் தங்கும் அந்தக் களைப்பையும் அந்தத் திகைப்பையும்தான் அவர் தேடியிருக்கிறார். இப்போது நம் ஊரிலும் பரவிவிட்ட கர்ப்பகால ஸ்டூடியோப் படங்களில் பட்டும் பூவும் தரித்த வயிற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் கடுமையாகத் தோன்றலாம். அந்தக் கடுமையோடு சற்று நேரம் இருந்து பார்ப்பது நல்லது.

அளவு, பொருள், விட்டுவிடப்பட்ட இடம்

திரையில் பார்ப்பவருக்கு எல்லாப் படைப்பும் ஒரே அளவு. ஆகவே அளவைத் தேடிக் கண்டுபிடித்து, அதைக் கையால் அளந்து பார்க்க வேண்டும். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1932-இல் வரைந்த ‘ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை’ என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். தற்காலக் கலை என்று இன்று நாம் வகுக்கும் காலத்துக்கு அது முந்தையது. ஆனாலும் பின்னால் வந்த பலருக்கு வழி திறந்தது அதுதான் என்பதால் அதில் சற்று நின்று பேசுகிறேன். அதன் அளவு சுமார் 30 செ.மீ.-க்கு 38 செ.மீ. நாளிதழின் ஒரு தாளை அந்த அளவுக்குக் கத்தரித்து, கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். இது ஒருவர் மட்டும் அருகே வந்து குனிந்து பார்ப்பதற்கான அளவு.

அடுத்து, எதன்மீது வரையப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். துணியன்று, உலோகத் தகடு. மெக்சிகோவின் தேவாலயங்களில் நேர்த்திக்கடனாகச் சாத்தப்படும் சிறு தகரப் படங்களின் மரபு அது. விபத்திலோ நோயிலோ உயிர் தப்பியவர், அந்த ஆபத்து நேர்ந்த காட்சியைக் கீழே வரையச் செய்து, காப்பாற்றிய புனிதரை மேலே வானத்தில் காட்டி, நடந்ததையும் நன்றியையும் அடியில் எழுதுவிப்பார். வேண்டுதல் நிறைவேறியதும் வெள்ளியில் கண்மலரும் கைகால் உருவும் வாங்கிச் செலுத்தும் நமக்கு இந்த வழக்கம் அந்நியமாக இராது. மரபு வடிவம் தெரிந்துவிட்டால், அதிலிருந்து எதைக் கலைஞர் விட்டுவிட்டார் என்பது உடனே கண்ணில் படும். காலோவின் தகட்டில் புனிதர் இல்லை. யாரும் காப்பாற்றவில்லை. அதே ஆண்டில் அவர் வரைந்த ‘என் பிறப்பு’ என்ற ஓவியத்தின் அடியில் வாசகம் எழுதுவதற்கான சுருள் இருக்கிறது. அது வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.

இப்போது ஓவியத்துக்குள் போகலாம். டெட்ராய்ட் நகரில் 1932 ஜூலையில் காலோவுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. படத்தில், வெட்டவெளியில் மிதப்பதுபோல் ஒரு மருத்துவமனைக் கட்டில். தொலைவில், அடிவானத்தில், ஃபோர்டு தொழிற்சாலையின் கட்டடங்கள். கட்டிலில் ஆடையின்றிக் கிடக்கும் பெண்ணின் வயிறு இன்னும் வடியவில்லை, விரிப்பில் இரத்தம், கன்னத்தில் ஒரே ஒரு பெரிய கண்ணீர்த்துளி. கையில் சிவப்பு நாடாக்களைப் பிடித்திருக்கிறாள். தொப்புள்கொடி போல் பிரியும் அவை ஆறு பொருள்களில் முடிகின்றன: ஓர் ஆண் சிசு, மருத்துவ வகுப்பில் காட்டும் இடுப்பு மாதிரி ஒன்று, ஒரு நத்தை, ஓர் இயந்திரம், ஊதா ஆர்க்கிட் மலர், இடுப்பெலும்பு. இந்த ஆறையும் ஒவ்வொன்றாக எண்ணி எழுதுங்கள். அவசரப்பட்டு அர்த்தம் சொல்லாதீர்கள். நத்தையைக் குறித்துக் காலோவே சொன்னது, கரு கலைந்துபோன அந்த மெதுவை அது குறிக்கிறது என்பதுதான். நோவு மெதுவாக, மணிக்கணக்கில் நடந்தது என்ற தகவலை ஒரு நத்தை ஓட்டுக்குள் வைத்திருக்கிறார். ‘சோகம்’ என்று ஒரு சொல்லில் முடித்திருந்தால் இந்த மெதுவு நம் கையிலிருந்து நழுவியிருக்கும். அந்தக் கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று அவர் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தம் மருத்துவ நண்பருக்கு எழுதிக் கேட்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏங்கித் தவித்து இழந்த தாய் என்ற சித்திரம் இந்தப் பெண்ணுக்குப் பொருந்தாது. வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் ஒரே உடலில் இருந்திருக்கின்றன.

அளவின் மறுமுனைக்கு அமெரிக்கக் கலைஞர் கார்மென் வினன்ட் நல்ல எடுத்துக்காட்டு. 2018-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஒரு நடைவழியின் இருபுறச் சுவர்களிலும், பழைய நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் திரட்டிய 2,000-க்கும் மேற்பட்ட பிரசவப் படங்களை டேப்பால் ஒட்டியிருந்தார். படைப்பின் பெயர், காலோவினுடையதைப் போலவே, ‘என் பிறப்பு’. அங்கே யார் முகமும் தனியாக நினைவில் நிற்காது. அது நடந்து கடக்க வேண்டிய படைப்பு.

எண்ணிப் பார்த்தல்

இத்தகைய படைப்புகள் பலவும் தொடர்களாகவே இருக்கின்றன. கர்ப்பமும் பாலூட்டலும் நாள் கணக்கில், வேளைக் கணக்கில் நடப்பவை என்பதால் அது இயல்புதான். எனவே எத்தனை படங்கள், எத்தனை வரிசைகள், எவ்வளவு காலம் என்று எண்ணுவதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த சூசன் ஹில்லரின் ‘பத்து மாதங்கள்’ (1977–79) எண்ணாமல் புரியாத படைப்பு. தம் கர்ப்ப காலத்தில் நாள்தோறும் வயிற்றை மட்டும் படமெடுத்து, நாட்குறிப்பும் எழுதிவந்தார். பின்பு படங்களைப் பத்துத் தொகுதிகளாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் 28 படங்கள், ஒவ்வொன்றுடனும் நாட்குறிப்பிலிருந்து சில வரிகள். மொத்தம் 280 நாள். மருத்துவர்கள் ஒன்பது மாதம் என்கிறார்கள். நம் வீடுகளிலோ ‘பத்து மாதம் சுமந்து பெற்றவள்’ என்பதே வழக்கு. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு ஹில்லரின் அடுக்கு விடை வைத்திருக்கிறது: 28 நாள் கொண்ட சந்திர மாதங்களாக எண்ணினால் பத்து. உலகின் இன்னொரு மூலையில் ஒரு பெண் அதே கணக்கைத் தன் உடலைக் கொண்டு எண்ணியிருக்கிறார் என்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட நெருக்கத்தை, அந்தப் படைப்பைப் பற்றிப் படித்த எந்த விளக்கமும் தரவில்லை. கறுப்பு வெள்ளையில் அந்த வயிறு முதலில் மணல்மேடு போலவும், பின்பு நிலவு போலவும் தெரிகிறது. முகம் எங்கும் இல்லை. சிந்திக்கும், எழுதும் பெண் சொற்களில் இருக்கிறார்; வளரும் உடல் படங்களில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை உற்றுப் பாருங்கள். படைப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்கக் கலைஞர் மேரி கெல்லியின் ‘பிரசவத்துக்குப் பிந்தைய ஆவணம்’ (1973–79) இன்னும் ஒரு படி போகிறது. அதில் உடலே இல்லை. தாயின் படமும் இல்லை, குழந்தையின் படமும் இல்லை. ஆறு பகுதிகளில், 130-க்கும் மேற்பட்ட சட்டகங்களில், மகனுடன் கழிந்த ஆண்டுகளின் எச்சங்கள் மட்டுமே இருக்கின்றன. முதல் பகுதியில், குழந்தை பாலிலிருந்து திட உணவுக்கு மாறிய மாதங்களின் அணையாடைத் துணிகள், மலக்கறையோடு அப்படியே சட்டமிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் அன்று எந்த வேளைக்கு எவ்வளவு ஊட்டப்பட்டது என்ற தட்டச்சுக் குறிப்பு. 1976-இல் லண்டனில் இவை காட்சிக்கு வந்தபோது நாளிதழ்கள் கொதித்தெழுந்தன. கறையைக் கண்டு முகம் சுளித்தவர்கள் அந்தத் தட்டச்சுக் குறிப்பைப் படித்திருக்க மாட்டார்கள். படித்துப் பாருங்கள். குழந்தையின் மலத்தைப் பார்த்து, அதன் நிறத்தையும் இளக்கத்தையும் வைத்துத் தான் ஊட்டியது சரியா தவறா என்று தன்னையே விசாரித்துக்கொள்ளும் ஒரு பெண் அங்கே இருக்கிறார். கைக்குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் காலையில் நடக்கும் விசாரணைதான் அது. அந்தப் பகுதியோடு கெல்லி சேர்த்துவைத்த கேள்வி, ‘நான் என்ன தவறு செய்தேன்?’ என்பது.

இங்கே கேட்க வேண்டியது, யாருடைய அடையாளம் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது. பேச, எழுதக் கற்றுக்கொள்வது குழந்தை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் தாயின் பங்கு ஒன்று கழன்று போகிறது. கடைசிப் பகுதியில் கற்பலகை போன்ற பலகைகளில் மேலே மகனின் கோணல் எழுத்துகள், நடுவில் தாயின் விளக்கம், அடியில் நாட்குறிப்பு. மகன் தன் பெயரை எழுதக் கற்றதும் படைப்பு முடிந்துவிடுகிறது. பெண்ணுடலை எப்படிக் காட்டினாலும் அது பிறர் கண்ணுக்கு விருந்தாகிவிடும் என்று கெல்லி கருதினார். அதனால் உடலைக் காட்டாமலே தாயின் ஆசையையும் இழப்பையும் பேச முடியுமா என்று ஆறாண்டுகள் முயன்றார். குளிர்ச்சியான படைப்பு என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை.

நேர் எதிர்த் திசையில் போனவர்கள் மெக்சிகோவின் மரிஸ் புஸ்தமாந்தேயும் மோனிகா மேயரும். 1987-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அதை நடத்திய ஆணுக்கே திணிப்பு வயிறு கட்டிவிட்டு, அவரை ஒரு நாள் தாயாக்கினார்கள். அந்த வயிற்றை வேறொருவர் உடுத்தியதும், அதோடு வரும் எதிர்பார்ப்புகள் எல்லாம் தனியே தெரிந்தன.

நாடும் சட்டமும்

கருக்கலைப்பு பற்றிய படைப்பாக இருந்தால், அந்த நாட்டில் அந்த ஆண்டில் சட்டம் என்ன சொன்னது என்பதை அறியாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. லிஸ்பனில் பிறந்து லண்டனில் வாழ்ந்த பவுலா ரேகோ, 1998–99-இல் பாஸ்டல் என்னும் வண்ணக்குச்சிகளால் ஒரு வரிசையை வரைந்தார். போர்ச்சுகலில் கருக்கலைப்பை அனுமதிப்பது குறித்து 1998 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்கினர்கூட வாக்களிக்க வரவில்லை, சட்டம் மாறவில்லை. அந்தக் கோபத்தில் பிறந்தவை இந்தப் படங்கள். இவற்றில் இரத்தம் இல்லை, சிசு இல்லை, மருத்துவர் இல்லை. பள்ளிச் சீருடை அணிந்த ஒரு பெண், ஒரு வாளி, ஒரு கட்டில், கால்களைத் தாங்கும் மடக்கு நாற்காலிகள். திருட்டுத்தனமாகச் செய்துகொள்ள நேர்ந்தால் வீட்டில் கிடப்பதுதான் கருவியாகும் என்பதை அந்த நாற்காலிகள் சொல்லிவிடுகின்றன. சில பெண்கள் வலியோடு நம்மையே நேராகப் பார்க்கிறார்கள். 2007-இல் நடந்த இரண்டாவது வாக்கெடுப்புக்குப் பின் சட்டம் மாறியது.

நம் வாசகருக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இந்தியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதித்துவிட்டது. நம் நினைவைக் கனக்கச் செய்வது பெண் கருவை இனம்கண்டு அழித்த கொடுமை. அந்த நினைவோடு ரேகோவைப் பார்த்தால், அவர் சொல்லாத குற்றத்தை அந்தப் பெண்கள்மீது ஏற்றிவிடுவோம். இரண்டும் பெண்ணின் உடல்மீது பிறர் செலுத்தும் அதிகாரம்தான்; ஆனால் அவை வேறு வேறு வரலாறுகள்.

பெறாதவர்கள்

ஃபின்லாந்தின் எலினா ப்ரோதெரஸ் ‘மங்கள வார்த்தை’ என்ற பொருள்படும் தொடரை 2009 முதல் 2013 வரை எடுத்தார். தேவதூதன் வந்து மரியாளுக்குக் கருவுறும் செய்தியைச் சொல்லும் காட்சியைக் கிறித்தவ ஓவியர்கள் நூற்றாண்டுகளாக வரைந்திருக்கிறார்கள். ப்ரோதெரஸின் படங்களில் அறை இருக்கிறது, சன்னல் வெளிச்சம் இருக்கிறது, காத்திருக்கும் பெண்ணாக அவரே இருக்கிறார். கருத்தரிப்புக்காகச் சிகிச்சைக்குப் பின் சிகிச்சை நடந்தும் செய்தி மட்டும் வரவில்லை. ‘மலடி’ என்ற சொல் இன்னும் வசையாக நிலவும் மொழியில் வாழும் நாம், இந்த வெற்று அறைகளின் முன் அதிக நேரம் செலவிட வேண்டும்.

இந்தியக் கலைஞர் தேஜல் ஷா 2006-இல் செய்த ஒளிப்படம் ஒன்றில், ரவி வர்மா பாணி நாள்காட்டிப் படத்தைப் போல யசோதை கிருஷ்ணனைத் தாங்கியிருக்கிறாள். யசோதையாக அமர்ந்திருப்பவர், தாயாக வேண்டும் என்ற தம் கனவைக் கலைஞரிடம் பகிர்ந்துகொண்ட ஒரு திருநங்கை. யசோதை பெற்றவள் அல்லள் என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டிய செய்தியன்று, பெற்றவள் தேவகி. கருப்பையும் தாயும் ஒன்றுதான் என்று வாதிடும் நம் மரபே, வளர்த்தவளைத் தாயாக வைத்து எத்தனை தாலாட்டு பாடியிருக்கிறது! இந்தப் படத்துக்கு விளக்கம் தேடி வெளியே போக வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ‘தாய்’ என்ற சொல் இன்றியமையாத படைப்புகள் உண்டு. பிரான்சில் பிறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் ஒன்பது மீட்டர் உயரச் சிலந்திச் சிற்பத்துக்கு ‘அம்மா’ என்றே பெயர். அவருடைய தாய் பழைய திரைச்சீலைகளைச் செப்பனிட்டவர்; இழைத்துப் பழுதுபார்க்கும் உயிர் அந்தச் சிலந்தி. வாய்ப்புக் கிடைத்தால் அதன் கால்களுக்கு நடுவே நின்று மேலே பாருங்கள். சலவைக்கல் முட்டைகள் தெரியும்.

எழுதும்போது

குறிப்பை எழுதத் தொடங்கும்போது சில சொற்களை அடித்துவிடுங்கள்: பெண்மையின் முழுமை, தாய்மையின் மகத்துவம், புனிதமான வலி. ‘கலைஞர் தம் படைப்பைப் பிரசவித்தார்’ என்ற உருவகத்தையும் அறவே தவிருங்கள். கவிதை எழுதியதைப் பிரசவ வேதனை என்று சொல்லிச் சொல்லி, உண்மையான பிரசவத்தைப் பேச வேண்டிய இடத்தில் நமக்குச் சொல் தேய்ந்துபோய்விட்டது. கருச்சிதைவையும் கருக்கலைப்பையும் மாற்றி எழுதாதீர்கள். ஒன்று நேர்ந்தது, மற்றொன்று செய்துகொண்டது. நஞ்சுக்கொடி, தையல், பால்கட்டு, உதிரப்போக்கு என்று இருப்பதை இருக்கும் பெயராலேயே சொல்லுங்கள். கலைஞருக்குப் பிள்ளை உண்டா என்ற விசாரணை, அவரே அதைப் படைப்புக்குள் கொண்டுவந்திருந்தாலன்றி நமக்கு வேண்டாத வேலை.

எழுதி முடித்த பின், பிள்ளை பெற்ற யாரேனும் ஒருவரிடம் படத்தைக் காட்டி, அவர் முதலில் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். டைக்ஸ்ட்ராவின் முதல் படத்தை என் பெரியம்மாவிடம் காட்டினேன். நான்கு பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றவர் அவர். அதற்கு முன் நான் அந்தப் படத்தைக் குறித்து ‘கம்பீரம்’ என்று எழுதி வைத்திருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, “பெத்து ஒரு மணி நேரந்தானேடி ஆச்சு, எதுக்கு இந்தப் பிள்ளைய நிக்க வச்சிருக்காங்க? கால் நடுங்குமே” என்றார். நான் அதுவரை அந்தக் கால்களைப் பார்க்கவே இல்லை.